குப்புறப் படுத்தவரின் கப்பல்

போன மாதம் கண்ணாடி மாற்றுவதற்காக, நான் ஆயாவாக வேலை பார்த்த கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். இப்போது வார்டுக்குப் பொறுப்பாக இருக்கும் சிஸ்டர் சின்னப் பெண். என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் ஒரு நாற்காலியைக் காட்டினாள். முகம் வைக்க நடுவில் ஓட்டை, நெஞ்சுக்கு மெத்தை, கீழே சாய்த்து வைத்த ஒரு முகக்கண்ணாடி. அதில் முகத்தைக் கவிழ்த்திருந்த ஒருவர், ஆபரேஷன் ஆகாத கண்ணால் செல்போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதெல்லாம் இல்லாதப்ப ஒருத்தரைப் பத்து நாள் எப்படிங்கம்மா குப்புறப் படுக்க வெச்சீங்க?” என்று கேட்டாள்.

“தலையைப் புடிச்சு அமுக்கித்தான்” என்றேன்.

“வெளையாடாதீங்க. எழுதிக் குடுங்க. புதுசா வர்ற புள்ளைகளுக்குப் படிச்சுக் காட்டறேன்.”

பேசச் சொன்னால் பொழுதுக்கும் பேசுவேன். எழுதச் சொல்லிவிட்டாள். கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி, ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று எழுதினேன். எழுத்துப் பிழையை அவள் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் பிழை இல்லை.

நாங்கள் துடியலூர்ப் பக்கம் தோட்டத்துக் கூலிக்குப் போன குடும்பம். முப்பது வயதுக்கு மேல்தான் ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கச் சேர்ந்தேன். இரண்டு வருடத்தில் வார்டு ஆயா ஆனேன். எழுத்துப் படித்தது அதற்கும் பிறகு, சர்ச்சில் சாயங்காலம் நடந்த வகுப்பில் எட்டு மாதம். எழுத்தைக் கூட்டிப் படிப்பேன். நீளமான வார்த்தை வந்தால் நடுவில் ஒருமுறை மூச்சு விட்டுக்கொள்வேன். அவ்வளவுதான் என் படிப்பு.

வேலை கற்றுக்கொடுத்தது ஸ்டெல்லா சிஸ்டர். அவர் ஒருவரையும் திட்டி நான் பார்த்ததில்லை. தப்பு நடந்தால் பக்கத்தில் வந்து நிற்பார். நெஞ்சில் தலைகீழாகக் குத்தியிருக்கும் சின்னக் கடிகாரத்தைப் பார்ப்பார். “மணி பதினொண்ணு பத்து, ஆயா” என்பார். அவ்வளவுதான். பதினொன்று பத்துக்கு நாம் என்ன செய்திருக்க வேண்டும், என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று நாமே நினைத்துப் பார்த்து வெட்கப்பட வேண்டும். திட்டியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்த மணி சொல்வதை மட்டும் தாங்க முடியாது.

குப்புறப் படுக்க வைப்பது எங்கள் வார்டில் கடினமான வேலை. கண்ணுக்குள் பின்பக்கம் பார்வைக்கு ஒரு படலம் இருக்கிறது. அது கிழிந்து உரிந்துவிட்டால் ஆபரேஷன் செய்து, கண்ணுக்குள் ஒரு காற்றுக்குமிழியை அடைப்பார்கள். காற்று மேலேதான் போகும். முகத்தைத் தரை பார்க்கக் கவிழ்த்தால் கண்ணின் பின்பக்கம் மேலே வரும். குமிழி அங்கே போய் படலத்தை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஒட்டுகிற வரைக்கும் தலையைத் தூக்கக்கூடாது. ஒரு மணி நேரத்தில் ஐம்பது நிமிடம் குப்புற, பத்து நிமிடம் ஓய்வு. ஓய்விலும் குனிந்தபடிதான் நடக்க வேண்டும், குனிந்தபடிதான் சாப்பிட வேண்டும், காபியைக் குழல் போட்டு உறிய வேண்டும். பத்து நாள்.

நெஞ்சுக்கு ஒரு தலையணை, வயிற்றுக்கு ஒன்று மெலிதாக, கணுக்காலுக்கு ஒன்று. தலை கட்டிலின் விளிம்பைத் தாண்டி இருக்கும். அதற்கு ஒரு முக்காலி வைத்து, நெற்றி பதிய வளையம் வைக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் வளையம் நெற்றியைப் புண்ணாக்கியது. நான் பழைய நூல்சேலையைச் சுருட்டி, தண்ணீர்க்குடம் சுமக்கச் சும்மாடு கட்டுவதுபோலக் கட்டிக் கொடுத்தேன். கண்மேல் படாது, நெற்றியிலும் கன்னத்திலும் மட்டும் பதியும். டாக்டர் வந்து விரலை விட்டுப் பார்த்துவிட்டு, இனி எல்லோருக்கும் இதுவே இருக்கட்டும் என்றார். என் கையில் படுத்த ஒருவருக்கும் நெற்றியில் புண் வந்ததில்லை. இதை நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் கோவிந்தராஜ் என்று ஒருவர் வந்து சேர்ந்தார். ஐம்பது வயது இருக்கும். பம்பு செய்யும் பவுண்டரியில் மரத்தில் பேட்டர்ன் செய்கிறவர். இரும்பில் வார்க்கிற எதையும் முதலில் மரத்தில் செய்து, அதை மணலில் பதித்து அச்செடுப்பார்கள். அந்த மரத்தைச் செய்கிற கை அவருடையது. ஒரு நூலளவு தப்பினாலும் பம்பு தண்ணீர் ஏற்றாது என்பார். இரும்புத்தூள் பட்டு வலது கண் எப்போதோ போய்விட்டது. இருந்த ஒரு கண்ணில்தான் இப்போது படலம் உரிந்திருந்தது. அதுவும் போனால் தொழில் போச்சு, வெளிச்சமே போச்சு.

குமிழியைப் பற்றி டாக்டர் விளக்க ஆரம்பித்ததுமே, “ரசமட்டம் மாதிரிங்களா?” என்று கேட்டார். டாக்டருக்குச் சந்தோஷம். “அதேதான். குமிழி நடுவுலயே நிக்கணும், நீங்கதான் மட்டம் புடிக்கணும்” என்றார். இவ்வளவு தெரிந்த மனிதர் சும்மா படுத்திருப்பார் என்று எல்லோரும் நினைத்தோம்.

இரண்டு நாள் கூடத் தாங்கவில்லை. சும்மா இருந்து பழகாத கை அது. விரல்கள் கட்டில் சட்டத்தைத் தடவி, எங்கே இழைப்பு சரியில்லை என்று தேடிக்கொண்டே இருக்கும். அவர் மனைவி ரங்கநாயகி தினமும் காலை பஸ்ஸில் சாப்பாட்டுத்தூக்கோடு வருவார். அவர்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு. அந்த அம்மாவிடம் அதில் எரிந்து விழுவார். எங்களிடம் திரும்பித் தமிழில், “ஏனுங்க, கொஞ்சம் தண்ணி கெடைக்குமுங்களா?” என்பார்.

“மரியாதையெல்லாம் தமிழுக்குத்தான் அக்கா” என்று அந்த அம்மா என்னிடம் சொல்லும்.

மூன்றாம் நாள் பெட்டியிலிருந்து இரண்டு புத்தகத்தை எடுத்துக் கொடுக்கச் சொன்னார். ஒன்று செங்கல் கனத்தில் சரித்திர நாவல். ராஜா காலத்துக் கப்பல் படை, கடல் சண்டை. இன்னொன்று ஒல்லி. நாவலில் வரும் கப்பல் வார்த்தைகளுக்கெல்லாம் அர்த்தம் போட்ட துணைப் புத்தகம். கடைசியில் மடித்து வைத்த பெரிய தாளில் ஒரு கப்பல் படம், அதன் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு நம்பர். இடது பக்கம் நாவல், வலது பக்கம் துணைப் புத்தகம் என்று வைத்துத்தான் அவர் படிப்பாராம். ஒரு கயிற்றின் பெயர் வந்தால், அது எந்தக் கயிறு, எங்கே கட்டியிருக்கிறது என்று படத்தில் பார்க்காமல் அடுத்த வரிக்குப் போகமாட்டாராம்.

“இவுரு படிக்கறது கதையில்லீங்க அக்கா, கப்பலுக்குப் பிளான் போடறாரு” என்றார் ரங்கநாயகி. அந்த அம்மாவுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது.

நர்ஸ் பெண் ஒருத்தி நல்ல மனதோடு படித்துக் காட்டினாள். கல்லூரிப் படிப்பு. தண்ணீர் ஓடுகிறதுபோலப் படித்தாள். கொண்டல் காற்று அடித்தது, தாமானை இழுத்தார்கள், கப்பல் சாய்ந்தது என்று போய்க்கொண்டே இருந்தாள்.

“நில்லுங்க. தாமான்னா என்ன?”

“ஏதோ கயிறுங்க” என்று அவள் அடுத்த வரிக்குப் போனாள்.

இவர் கை தானாக வலப்பக்கம் நீண்டது. முகமும் கூடவே நிமிர்ந்து திரும்பியது. இத்தனை வருடப் பழக்கம், கட்டுப் போட்ட கண்ணோடு படத்தைத் தேடுகிறார். நான் ஓடிப்போய்க் கவிழ்ப்பதற்குள் பத்து எண்ணியிருக்கலாம்.

சாயங்காலம் டாக்டர் பார்த்துவிட்டு வெளியே வந்து சொன்னார். ஓரத்தில் ஓர் இடத்தில் படலம் இன்னும் ஒட்டவில்லை. “இன்னொருமுறை இப்படித் தூக்கினா நான் பொறுப்பேத்துக்க முடியாது” என்றார். ரங்கநாயகி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். ஸ்டெல்லா சிஸ்டர் இரண்டு புத்தகத்தையும் எடுத்து அந்த அம்மா பையில் போட்டார். “வீட்டுக்குக் கொண்டு போங்க.”

மறுநாள் காலை கோவிந்தராஜ் யாரோடும் பேசவில்லை. எனக்கு அதுதான் பயம். திட்டுகிற நோயாளி தலையைத் தூக்கமாட்டார், திட்டுவதிலேயே பொழுது போய்விடும். பேச்சை நிறுத்தியவர்தான் திடீரென்று எழுந்து உட்காருவார். நான் சிஸ்டரிடம் போய் நின்றேன்.

“அந்தப் பொஸ்தகத்தை நான் படிச்சுக் காட்டட்டுங்களா?”

சிஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆயா வார்டில் உட்காரக்கூடாது என்பது சட்டம். நோயாளியின் பொருளைத் தொடக்கூடாது என்பதும் சட்டம். அதற்கெல்லாம் மேலே, ஆயாவுக்குப் படிக்கத் தெரியுமா என்பது அவர் கேட்காத கேள்வி.

“மெதுவாத்தான் படிப்பேனுங்க. ஆனா ஒரு வார்த்தையும் தாண்டமாட்டேன்.”

கடிகாரத்தைப் பார்த்தார். மணி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். “ஒரு மணி நேரத்துல இருபது நிமிஷம் படிங்க. தலை ஒருதடவை மேல வந்தா, பொஸ்தகம் அன்னைக்கே வீட்டுக்குப் போயிரும்” என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. ரங்கநாயகியின் பையிலேயே கிடந்த இரண்டு புத்தகத்தையும் வாங்கிக்கொண்டு, முக்காலி பக்கத்தில் தரையில் பாய் போட்டு உட்கார்ந்தேன். என் வாய்க்கு நேராக அவர் காது. நாவலைப் பிரித்து எழுத்தெழுத்தாகக் கூட்டினேன். வார்த்தை வந்ததும் நிறுத்தி, துணைப் புத்தகத்தில் தேடுவேன். தாமான் என்றால் பாயின் கீழ்முனையில் கட்டி, இழுத்தும் தளர்த்தியும் காற்றைப் பிடிக்கிற கயிறு என்று போட்டிருந்தது. அதைக் கேட்டும் அவருக்குப் பிடிபடவில்லை.

“கெணத்துல மாடு கட்டிக் கவலை ஓட்டிப் பாத்திருக்கீங்களா?” என்றேன்.

“சின்ன வயசுல பாத்ததுங்க.”

“தண்ணி மொண்ட சால் பூராத்தையும் பெரிய வடக்கயிறு தூக்கும். சின்ன வால்கயித்தை வுட்டாத்தான் தோல்வாய் தொறந்து தண்ணி கொட்டும். பெலமெல்லாம் பெரிய கயிறு, வேலையெல்லாம் சின்னக் கயிறு. இந்தத் தாமான் அந்த வால்கயிறு மாதிரிங்க.”

விரலால் இல்லாத கயிற்றை இழுத்து விட்டுப் பார்த்தார். பிறகு, “அடுத்ததுக்குப் போங்க ஆயா” என்றார்.

அன்றைக்கு ஆறு பக்கம்கூட ஓடவில்லை. அதுதான் நல்லதாகப் போயிற்று. நர்ஸ் பெண்ணிடம் விட்டிருந்தால் நான்கு நாளில் சண்டை முடிந்து ராஜா ஊருக்குத் திரும்பியிருப்பார். என் வாயில் கப்பல் துறைமுகத்தை விட்டுப் புறப்படவே ஒன்றரை நாள் ஆயிற்று. இவருக்கோ அடுத்து என்ன என்று தெரியாமல் எழ மனம் வரவில்லை.

படிக்க ஆரம்பித்த இரண்டாம் நாள் அவர் கைக்கும் வேலை கேட்டார். மருந்து வந்த அட்டைப்பெட்டி, பஞ்சு சுற்றும் குச்சிகள், கட்டுத்துணிக் கிழிசல், நூல் எல்லாம் ஒரு தட்டில் போட்டு முக்காலிக்குக் கீழே வைத்தேன். தொங்கவிட்ட கையால், பார்க்காமலே கப்பல் கட்ட ஆரம்பித்தார். நான் ஓர் உறுப்பைப் படித்து, படத்தில் அது எங்கே இருக்கிறது என்று சொல்லுவேன். அவர் தடவித் தடவி வைப்பார். முன்பக்கம் அணியம். பின்னால் திருப்புகிற சுக்கான். ரங்கநாயகி சாப்பாட்டுத்தூக்கோடு வந்து பார்த்துவிட்டு, “ஊட்டுல ஒடஞ்ச ஸ்டூல் ஆறு மாசமாக் கெடக்குது. இங்க கப்பல் நடக்குது” என்றார். இரண்டு நாளாகச் சிரிக்காத மனிதர் சிரித்தார். தலை அசையாமல் தோள் மட்டும் குலுங்கியது.

இப்போது என் தப்பைச் சொல்ல வேண்டும்.

நாவலில் எழுத்துப் பெரிது. துணைப் புத்தகத்தில் பொடி எழுத்து, படத்தில் உள்ள நம்பரோ எறும்பு சைஸ். எனக்கு நாற்பத்தேழு வயது. கிட்டத்தில் எழுத்து கலங்கத் தொடங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. கண் ஆஸ்பத்திரியிலேயே இருந்தும் என் கண்ணை ஒருத்தரிடமும் காட்டியதில்லை. கண்ணாடி போட்டால் வயசாகிவிட்டது, வார்டுக்கு உதவமாட்டாள் என்று சொல்லிவிடுவார்களோ என்று வீம்பு. ஜன்னல் வெளிச்சத்தில் கையை நீட்டிப் பிடித்தால் ஓரளவு தெரியும். அன்றைக்கு மேகம் போட்டிருந்தது. பருமல் என்ற வார்த்தை வந்தது. துணைப் புத்தகத்தில் அந்த வரி எனக்குச் சாம்பல் கோடாகத்தான் தெரிந்தது. படத்தில் பதினேழா பதினொன்றா என்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“அடியில இருக்கற கட்டைங்க. பாய்மரத்தைத் தாங்கறது” என்று சொல்லிவிட்டேன்.

அவர் அப்படியே வைத்துக் கட்டினார். இரண்டு நாள் கதை ஓடியது. ஏழாம் நாள் முற்பகல் சண்டைக் கட்டம் வந்தது. எதிரிக் கப்பல்கள் இரண்டு பக்கமும் நெருங்குகின்றன. தலைவன் பருமலைத் திருப்பச் சொல்கிறான். பாய் மறுபக்கம் போய்க் காற்றைப் பிடித்து, கப்பல் நடுவில் நழுவி வெளியே வருகிறது. நான் படித்து முடித்தேன். கீழே அவர் விரல் நின்றுவிட்டது.

“இன்னொருக்காப் படிங்க.”

படித்தேன்.

“அடிக்கட்டையைத் திருப்பினா பாய் எப்படிங்க திரும்பும்?” அவர் விரல் அந்தக் குச்சியை அழுத்தியது. “நான் எங்கியோ தப்பாக் கட்டிப்போட்டேன். இல்லீனா எழுதுனவரு தப்பு. ஆயா, அந்தப் படத்தை ஒரே ஒருக்கா நானே பாத்துக்கறேன்.”

“கட்டுப் போட்டிருக்குதுங்க.”

“அவுத்துடுங்க. ஒரு நிமிஷம். இது புரியாம என்னால கெடக்க முடியாது.”

முழங்கையை ஊன்றிவிட்டார். தோள் எழும்புகிறது. பின்கழுத்தில் என் கையை வைத்தேன். அமுக்கினால் இன்னும் வேகமாக எழுவார் என்று தெரியும், அதனால் அமுக்கவில்லை.

“தூக்காதீங்க. கப்பல்ல தப்பில்லீங்க. எழுதுனவரும் தப்பில்லீங்க. தப்பு என்னுது.”

தோள் நின்றது.

“அந்த எழுத்து எனக்குத் தெரியலீங்க. கிட்டக் கண்ணு மங்கிப்போச்சு. சொல்ல வெக்கப்பட்டுட்டு, நானாச் சொல்லிப்போட்டேன். நீங்க என்னை நம்பிக் கட்டுனீங்க.”

எனக்கு அழுகை வரவில்லை. ஆனால் கன்னம் எரிந்தது. நிமிர்ந்து பார்த்தால் கதவருகில் ஸ்டெல்லா சிஸ்டர் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

கோவிந்தராஜ் மெதுவாக முழங்கையை மடக்கி, நெற்றியைச் சும்மாட்டில் வைத்தார். “எங்க பவுண்டரியில பேட்டர்ன் தப்பாப் போனா, தப்புப் பண்ணுனவன்தான் முன்னால நின்னு சரி பண்ணோணும்” என்றார். “மத்த வார்த்தையெல்லாம் படிச்சதுதானுங்களே?”

“இதொண்ணுதானுங்க.”

“கண்ணு ஆஸ்பத்திரியில ஆயாளுக்குக் கண்ணு தெரியல. நல்ல எடத்துலதான் வந்து படுத்திருக்கறேன்” என்றார். அடுத்த கட்டிலில் இருந்தவர் சிரித்துவிட்டார்.

சிஸ்டர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி மூடினார். என்னைக் கீழே கண்ணாடிப் பிரிவுக்கு அவரே கூட்டிப்போனார். அங்கே சோதனைக்கு வைத்திருந்த கண்ணாடிகளில் ஒன்றை இரவலாக வாங்கி என் மூக்கில் மாட்டி, துணைப் புத்தகத்தைப் பிரித்துக் கொடுத்தார். ஒவ்வோர் எழுத்தும் மணல் கழுவினாற்போலத் தெரிந்தது. “உங்களுக்கு ஒண்ணு எழுதச் சொல்றேன். வியாழக்கிழமை வாங்கிக்குங்க” என்றார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “எத்தனை மாசமா?”

“ஒரு வருஷமுங்க.”

அதற்கும் அவர் மணி சொல்லவில்லை.

மேலே போய் உட்கார்ந்து, அந்த வரியை எழுத்து எழுத்தாகச் சத்தமாகக் கூட்டினேன். கோவிந்தராஜும் கூடவே சேர்த்துச் சொல்லி வந்தார். பாய்மரத்தின் உச்சியில் குறுக்கே தொங்கும், பாயைத் தாங்கும் மரம். பதினேழாம் நம்பர். அவர் விரல் அடியிலிருந்த குச்சியைப் பிடுங்கி, மேலே கொண்டுபோய், நூலால் குறுக்கே கட்டியது. ஒரு விரலால் தட்டினார். குச்சி திரும்பியது. கட்டுத்துணிப் பாயும் கூடவே திரும்பியது.

“வந்துருச்சுங்க” என்றார்.

மிச்சம் மூன்று நாள் தலை அசையவே இல்லை. நாவல் பாதிகூட ஆகவில்லை. பத்தாம் நாள் டாக்டர் பார்த்துவிட்டு, ஓரமெல்லாம் ஒட்டிவிட்டது என்றார். ஆனால் எவ்வளவு பார்வை மிஞ்சும் என்பது குமிழி கரைந்த பிறகுதான் தெரியும், ஆறு ஏழு வாரம் ஆகலாம் என்றார். அன்று அவர் கண்ணுக்கு வெளிச்சம் தவிர ஒன்றும் தெரியவில்லை. தண்ணீருக்குள் விழித்ததுபோல இருக்கிறது என்று சொல்லிவிட்டு, ரங்கநாயகியின் தோளைப் பிடித்துக்கொண்டு போனார்.

வாரம் ஒருமுறை காட்ட வந்தார். முதல் வாரம் என் எதிரே நின்று, “மேல ஒரு வெரக்கடை அகலந்தான் தெரியுதுங்க. உங்க தலைக்கு மேல ஃபேன் சுத்துது. அதுக்குக் கீழ பூராத் தண்ணி. நடந்தா ஆடுது” என்றார்.

குமிழி கரையக் கரைய, பார்வையில் ஒரு கோடு மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வரும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

“கடலுன்னா இப்படித்தான் ஆடுமுங்களா, ஆயா?”

“நான் எங்கீங்க பாத்தேன்? காரமடைத் தேருக்கே ரெண்டு தடவைதான் போயிருக்கறேன்.”

அடுத்த வாரம் என் நெற்றிப்பொட்டு வரைக்கும் இறங்கியிருந்தது. அதற்கடுத்த வாரம் மூக்குத்தி. “ஆயாளுக்குக் கண்ணாடி வந்துருச்சா? நல்லா இருக்குதுங்க” என்றார். ரங்கநாயகி பக்கத்தில் நின்று, ஒவ்வொரு முறையும் தன் முகத்தைக் காட்டி, “எனக்கு எதுவரைக்குங்க?” என்று கேட்பார். “உனக்கு வாய் மட்டும் இன்னும் தண்ணிக்குள்ளதான் இருக்குது. அங்கியே இருக்கட்டும்” என்பார் அவர், தமிழில்.

அந்தக் கோட்டுக்கு மேலே தெரிவது தெளிவாகத் தெரிகிறதா, நிழலாகவா என்பதுதான் எங்கள் கவலை. முகம் தெரிவது வேறு. நூலளவு தெரிவது வேறு. அது தெரிந்தால்தான் அவர் பவுண்டரிக்குத் திரும்பப் போக முடியும்.

ஆறாவது வாரம் நான் வார்டு வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். யாரையும் பிடிக்காமல், சுவரையும் தொடாமல் தானாக நடந்து வந்தார். எனக்கு முன்னால் நின்றார். கோடு என் தோளுக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். சேலையில் குத்தியிருந்த பெயர் அட்டையையே பார்த்தார். வெள்ளை அட்டையில் கறுப்பு எழுத்து. ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் நான் ஆயாதான். அதை யாரும் படித்ததில்லை.

ஒரு கண்ணைச் சுருக்கினார். “மா” என்றார். நிறுத்தினார். “ரா... த்... தா...” நான் அவருக்குப் படித்துக் காட்டிய அதே வேகம்.

மடித்த துணி கையில் இருந்தது. அவர் படித்து முடிக்கும் வரைக்கும் நான் அசையாமல் நின்றேன்.